மகனுக்கு 'ஆதன்' என்று பெயரிடலாமா?

தாழம்பூ:
பிறந்து நாற்பது நாளான எங்கள் மகனுக்கு ஆதன் என்று பெயரிட நானும் கணவரும் விரும்புகிறோம். கீழடிப் பானை ஓட்டில் அந்தப் பெயர் கீறப்பட்டிருந்த படத்தைப் பார்த்த நாளிலிருந்தே எனக்கு இந்த ஆசை உண்டு. ஆனால் என் மாமனார் நேற்று அகராதியைக் கொண்டுவந்து, சொல்லின் மேல் விரலை வைத்தபடி, 'அறிவில்லாதவன், குருடன்' என்று வாசித்துக் காட்டி, "என் பேரனை இப்படிக் கூப்பிட எனக்கு நா எழாதம்மா" என்று கண்கலங்கினார். அவர் மனம் நோகவும் கூடாது, இந்தப் பெயரை விடவும் மனமில்லை. விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

சொல்லாய்வன்:
உங்கள் மாமனார் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அம்மா. 'ஆதர்' என்ற பன்மைச் சொல்லுக்கும் குருடர், அறிவிலிகள் என்றே அகராதிகள் பொருள் தருகின்றன. 'உயிர்' என்று இன்னொரு பொருளும் உண்டுதான். ஆனால் அதனை 'ஆத்மன்' என்ற வடசொல்லோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் பலர். தூய தமிழ்ப் பெயர் என்று நம்பி வைத்துவிட்டு, பின்னாளில் பிள்ளையே அகராதியைப் புரட்டி வருந்தும் நிலை வரக்கூடாது.

வைகைக்கரையான்:
சொல்லாய்வன் ஐயாவுடன் நான் உடன்படவில்லை. இழிபொருள் தரும் சொல்லாக மக்கள் இதைக் கருதியிருந்தால், சேர வேந்தர்கள் தலைமுறை தலைமுறையாக இந்தப் பெயரைத் தாங்கியிருப்பார்களா? இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் பெயரிலும், கபிலர் பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்தில் பாடிய செல்வக் கடுங்கோ வாழியாதன் பெயரிலும் ஆதன் இருக்கிறான். கரூரை அடுத்த புகளூர்க் கல்வெட்டு, 'கோ ஆதன் செல்லிரும்பொறை'யின் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ என்று மூன்று தலைமுறையை வரிசையாகச் சொல்கிறது. ஐங்குறுநூற்றின் முதல் பத்துப் பாடல்களும் 'வாழி ஆதன் வாழி அவினி' என்றே தொடங்குகின்றன. முதற்பாட்டில் அதை அடுத்தே 'நெற்பல பொலிக, பொன்பெரிது சிறக்க' என்று தலைவி வாழ்த்துகிறாள். நெல்லும் பொன்னும் சேர்த்து வாழ்த்தப்பட்ட பெயர் இது.

அரசர்க்கு மட்டும் உரியதாகவும் இது இருக்கவில்லை. தமிழகத் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட கீழடி அறிக்கையில் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துப் பொறித்த 56 ஓடுகள் சொல்லப்படுகின்றன. அவற்றில் ஆதன், குவிரன் முதலிய ஆட்பெயர்கள் உள்ளன. தன் பானை எது என்று தெரிய வீட்டுக்காரர் கீறிய எழுத்து அது என்றே நான் எண்ணுகிறேன்.

சொல்லாய்வன்:
நீங்கள் காட்டியவை பெயரின் பழமைக்குச் சான்றுகள்; பொருளுக்குச் சான்றுகள் அல்ல. ஈராயிரம் ஆண்டுக்கு முன் என்ன பொருளில் வைத்தார்கள் என்பதை அந்த ஓடு சொல்லாது. இன்றைய பிள்ளை இன்றைய அகராதியோடுதானே வாழ வேண்டும்?

கொங்குமண்:
ஐயா, இதற்குத் தொல்காப்பியத்தையே பாருங்கள். ஆதன், பூதன் என்ற இரண்டு பெயர்களின் பின் 'தந்தை' வந்தால் எப்படிப் புணரும் என்று எழுத்ததிகாரம் தனி விதி சொல்கிறது: ஆதன் தந்தை ஆந்தை ஆகும், பூதன் தந்தை பூந்தை ஆகும். ஓர் ஆட்பெயருக்கு இலக்கண நூல் தனி விதி வகுக்க வேண்டுமானால், அது ஊரெங்கும் வழங்கிய பெயராக இருந்திருக்க வேண்டும். கோப்பெருஞ்சோழனின் நண்பர் பிசிராந்தையாரும் இந்த விதிப்படி பிசிர் என்ற ஊரைச் சேர்ந்த ஆதன் தந்தையே. பள்ளியில் அவரைப் பற்றிப் படித்தபோது பறவை ஆந்தையை நினைத்தவர்களில் நானும் ஒருவன். எங்கள் கொங்குப் பகுதிக் குலப்பெயர்களில் ஆந்தை, பூந்தை, சாத்தந்தை மூன்றும் இன்றும் இருக்கின்றன. பிறரைப் பழிக்கும் 'ஆதர்' வேறு சொல், இந்த ஆட்பெயர் வேறு சொல் என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

சொல்லாய்வன்:
தொல்காப்பிய விதியை நான் கருத்தில் கொள்ளாமல் விட்டது பிழைதான். இரண்டும் வேறு சொற்களாக இருக்கலாம் என்பதை ஏற்கிறேன். ஆயினும் ஒரு நடைமுறைச் சிக்கலைச் சொல்லியே ஆக வேண்டும். ஆங்கில எழுத்தில் இதை எழுதினால் பாதிப்பேர் 'அத்தான்' என்று படிப்பார்கள். தமிழில் எழுதிக் கொடுத்தாலும், பழக்கத்தினால் எழுத்தர் 'ஆதவன்' என்று பதிந்துவிடக்கூடும். அரிய பெயர் வைப்பவர்கள் ஆயுள் முழுவதும் எழுத்தைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

தாழம்பூ:
எல்லோருக்கும் நன்றி. இன்று மாலை மாமனாருக்கு ஐங்குறுநூற்றின் முதற்பாட்டை வாசித்துக் காட்டினேன். 'நெற்பல பொலிக' என்ற இடத்தில் நிறுத்தி, இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். சம்மதம் என்று இன்னும் சொல்லவில்லை. பிறப்பைப் பதிந்துவிட்டோம், பெயரைச் சேர்க்கக் கட்டணமின்றிப் பன்னிரண்டு மாதம் அவகாசம் இருப்பதால் காத்திருக்கிறோம். அகராதி இன்னும் அவருடைய மேசையில்தான் இருக்கிறது. பக்க அடையாளமாக வைத்திருந்த தாளை மட்டும் எடுத்துவிட்டார்.