மறு: மண்ணில்லா வேளாண்மைச் சொற்கள் – ‘தூய நீர்’ வேண்டாம், ‘வெறுநீர்’ என்போம்

வணக்கம்.

மண்ணில்லா வேளாண்மைக்கு, அதாவது மண் இல்லாமல் உரம் கரைத்த நீரில் செடி வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸுக்கு, ஐயா நம் குழுவுக்கு அனுப்பிய தமிழ்ச் சொற்பட்டியலில் இந்த ஒரு வரியைத் தாண்டிப் போக மனம் வரவில்லை:

> ஆர்.ஓ. வாட்டர் – தூய நீர். டேப் வாட்டர் – குழாய் நீர்

சேலத்தில் எங்கள் மொட்டை மாடியில் மூன்று வருடமாகப் பிவிசி குழாயில் கீரையும் லெட்டூஸும் வளர்க்கிறேன். இந்த இரண்டு சொல்லுமே புதிதாக வருகிறவரைத் தடம் மாற்றிவிடும் என்று நினைக்கிறேன்.

முதலில் குழாய் நீர். எங்கள் வீட்டில் ஒரு குழாயில் மேட்டூர்த் தண்ணீர் வரும், இன்னொன்றில் போர் தண்ணீர். இரண்டும் குழாய் நீர்தான், இரண்டும் ஒன்றா? வீட்டில் கேட்டால் ‘நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா’ என்றுதான் கேட்பார்கள். வெள்ளக்கல்பட்டிப் பக்கம் தோண்டி எடுக்கும் வெள்ளைக்கல் மக்னீசியக் கார்பனேட். அந்த மாதிரிப் பாறையில் ஊறி வரும் தண்ணீரில் மக்னீசியம் இருக்கத்தான் செய்யும். ‘குழாய்’ என்ற சொல் இதில் எதையும் சொல்வதில்லை.

‘தூய நீர்’ இன்னும் சிக்கல். தூய்மை என்றதும் மற்றது அழுக்கு என்று ஆகிவிடுகிறது. ஆர்.ஓ. என்பது தண்ணீரை அழுத்தி ஒரு சவ்வு வழியாக வடிகட்டுவது. அந்தச் சவ்வு கிருமியையும் தடுக்கும், சரி. ஆனால் செடி வளர்க்கிறவருக்கு அது செய்யும் முக்கியமான வேலை, கரைந்த உப்புகளில் பெரும்பகுதியை எடுத்துவிடுவது. அதில் வேண்டாத சோடியமும் குளோரைடும் போகும். செடிக்கு வேண்டிய கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்தே போகும்.

இதில் நானே அடிபட்டேன். முதல் வருடம் போர் தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை விட்டால் 620 பிபிஎம் (பத்து லட்சத்தில் 620 பங்கு). குறிப்பில் ‘800 வரும்வரை உரக் கரைசல் சேர்க்கவும்’ என்று இருந்தது. 800 வந்ததும் நிறுத்திவிட்டேன். அதாவது செடிக்குப் போன உரம் 180 பிபிஎம் அளவுதான், மீதி தண்ணீரே கொண்டுவந்தது. பைகார்பனேட் வேறு அதிகம். அதனால் பிஎச் (அமில-கார அளவு) தினமும் 8ஐ நோக்கி ஏறியது. 5.5க்கும் 6.5க்கும் நடுவில் நிற்க வேண்டியது அது. 8 பக்கம் ஏறிவிட்டால் இரும்புச் சத்து தண்ணீரில் இருந்தாலும் வேர் எடுக்காது. தண்டுக்கீரையின் இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தது.

அடுத்த மார்கழியில் ‘தூய நீர் பயன்படுத்தவும்’ என்று எங்கோ படித்துவிட்டு ஆர்.ஓ. கேன் தண்ணீருக்கு மாறினேன். மீட்டரில் 30. இந்த முறை 770ம் உரம்தான். லெட்டூஸ் தளதளவென்று வந்தது. நான்காம் வாரம் நடுக்குருத்தைப் பிரித்துப் பார்த்தால், சின்ன இலைகளின் ஓரம் தீயில் காட்டியதுபோலக் கருகியிருந்தது. கால்சியம் பற்றாக்குறை. கால்சியம் நைட்ரேட்டைத் தனிப் பையில்தான் விற்பார்கள், ஏனென்றால் அடர்கரைசலில் அது சல்பேட்டோடும் பாஸ்பேட்டோடும் சேர்ந்தால் படிந்துவிடும். தூய நீராயிற்றே, இனி என்ன குறை என்று அந்தப் பையை நான் வாங்கவே இல்லை. ‘இந்தத் தண்ணீரில் ஒன்றும் இல்லை, எல்லாம் நீதான் போட வேண்டும்’ என்று அந்தச் சொல்லே சொல்லியிருந்தால் வாங்கியிருப்பேன்.

அதனால் என் முன்மொழிவு: வெறுநீர். வெறுங்கை, வெறுங்கால், வெறுந்தரை போல.

> ‘வெறு’ என்றால் வெறுப்பு என்று படாதா?

குழுவில் அக்கா கேட்ட இந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் ‘வெறு வயிற்றில் ரத்தச் சர்க்கரை’ என்று பரிசோதனைச் சீட்டில் படித்து யாரும் வெறுப்பை நினைப்பதில்லை. பெயருக்கு முன்னால் வந்தால் காலி என்ற பொருள்தான் காதில் விழுகிறது.

> ‘மென்னீர்’ பாடப்புத்தகத்திலேயே இருக்கிறதே?

சாஃப்ட் வாட்டருக்கு அந்தச் சொல் இருக்கிறது, அதை அங்கேயே விட்டுவிடுவோம். வீடுகளில் மாட்டும் சாஃப்ட்னர் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடுகிறது. சோப்பு நன்றாக நுரைக்கும், மென்னீர்தான். உப்பு குறையவில்லை, செடிக்கு முன்னைவிடக் கெடுதல். காய்ச்சி வடித்த நீர் என்பதோ தயாரிக்கும் முறையின் பெயர். நமக்கு வேண்டியது நிலையின் பெயர்.

நிலையின் பெயர் என்று ஏன் சொல்கிறேன் என்றால், போன மாதம் ஏற்காட்டில் உறவினர் காப்பித் தோட்டத்து ஊற்றில் அதே மீட்டரை விட்டுப் பார்த்தேன்: 45. எந்த இயந்திரமும் தொடாத தண்ணீர். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் பாக்சைட் (அலுமினியத் தாது) உண்டானதே மழை காலங்காலமாகப் பாறையிலிருந்து கரையக்கூடியதையெல்லாம் அரித்துக்கொண்டு போனதால்தான். மிச்சமிருக்கும் மண்ணில் கரைய அதிகம் இல்லை, ஊற்றிலும் அதிகம் வருவதில்லை. நல்ல மழைநீரும் அப்படியே. ‘சுத்திகரித்த நீர்’ என்றால் இவை வெளியே நின்றுவிடும். வெறுநீரில் ஆர்.ஓ., மழைநீர், மலை ஊற்று மூன்றும் அடங்கும்.

அப்படியானால் மற்ற தண்ணீரை என்ன சொல்வது? அதற்குப் பெயர் வேண்டாம், அளவு போதும். உரம் போடுமுன் தண்ணீர் கொண்டுவரும் உப்பின் அளவை உப்பிருப்பு எனலாம். கணக்கு நோட்டில் ‘ஆரம்ப இருப்பு’ எழுதிப் பழகியவர்கள் நாம். ‘உப்பிருப்பு 620’ என்றால் எதன் மேல் கூட்டுகிறோம் என்பது உடனே தெரியும். இதையே ‘தொடக்க மின்கடத்துதிறன்’ என்றாலும் தப்பில்லை. ஆனால் வாளியும் கையுமாக நிற்பவர் அதைச் சொல்லமாட்டார். ஒன்று மட்டும் பட்டியலில் குறிக்க வேண்டும்: அந்த மீட்டர் அளப்பது மின்கடத்தலைத்தான். உப்பு கால்சியமா சோடியமா என்று அதற்குத் தெரியாது; அதற்குத் தண்ணீர்ப் பரிசோதனைதான் வழி.

> பழகிய சொல்லை மாற்ற வேண்டுமா?

ஹைட்ரோபோனிக்ஸ் என்ற சொல்லே அப்படி வந்ததுதான். கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கெரிக் இந்த முறைக்கு முதலில் வைத்திருந்த ‘அக்வாகல்ச்சர்’ என்ற பெயர் ஏற்கெனவே நீர்வாழ் உயிர் வளர்ப்பைக் குறித்துவந்ததால், சக பேராசிரியர் செட்செல் எடுத்துக் கொடுத்த இந்தச் சொல்லை 1937இல் வெளியிட்டார். அப்புறம், ராஜாஜி சேலத்தில் வழக்கறிஞராக இருந்தபோது, 1916இல், தமிழ் அறிவியல் சொற்களுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார். அதே ஊரிலிருந்து எழுதுகிறேன் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

ஐயா ஒப்பினால் அந்த வரியை இப்படி மாற்றலாம்: ஆர்.ஓ. வாட்டர் – வெறுநீர் (ஆர்.ஓ.). பாதி போர் தண்ணீர், பாதி வெறுநீர் என்று இப்போது நான் கலந்து ஊற்றுகிறேன். கால்சியம் அதிலேயே கொஞ்சம் கிடைக்கிறது, உரச் செலவும் குறைகிறது. இந்தக் கலவைக்கு இன்னும் சொல் அமையவில்லை. ‘கலப்பு நீர்’ என்றால் கலப்படம் நினைவுக்கு வருகிறது. அக்காவுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்,
சேலத்திலிருந்து