ஜெர்மனியில் முதுகலை: கிளம்புவதற்கு முன் எதை முடிக்க வேண்டும்?

புதுப்பயணி கேட்கிறார்:

வணக்கம். குளிர்கால செமஸ்டருக்கு டிரெஸ்டனில் முதுகலை இடம் கிடைத்திருக்கிறது. விசா கைக்கு வந்துவிட்டது, பிளாக்டு அக்கவுண்டில் (விசாவுக்காக ஒரு வருடச் செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டு, மாதாமாதம் ஒரு பங்கு மட்டும் எடுக்கக்கூடிய கணக்கு) 11,904 யூரோவும் போட்டாயிற்று. செப்டம்பர் கடைசியில் கிளம்புகிறேன். வெளிநாடு என்று போவது இதுதான் முதல் தடவை. 23 கிலோ பெட்டி ஒன்று, கையில் ஒரு பை. வீட்டில் ஆளுக்கொரு பட்டியல் போடுகிறார்கள். மாணவர் விடுதியில் காத்திருப்போர் வரிசையில் இருக்கிறேன். போய் இறங்கி ஒரு பத்து நாள் பயணிகள் தங்கும் ஹாஸ்டலில் தங்கிக்கொண்டு அறை தேடலாம் என்று எண்ணம். அங்கே இருக்கும் அண்ணன், அக்காமார் என்னென்ன எடுத்து வரலாம் என்று சொல்லுங்களேன்.

லைப்சிக் அக்கா:

தம்பி, பெட்டியை அப்புறம் பார்க்கலாம். எனக்கு உறுத்துவது அந்தப் பத்து நாள் ஹாஸ்டல்தான்.

இங்கே எல்லாமே முகவரியிலிருந்துதான் தொடங்கும். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், அன்மெல்டுங் என்பார்கள். அதற்கு, 'இவர் இந்தத் தேதியில் இங்கே குடிவந்தார்' என்று வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தனித் தாள் வேண்டும். வாடகை ஒப்பந்தத்தை நீட்டினால் போதாது. ஹாஸ்டல்காரர்கள் பெரும்பாலும் அந்தத் தாளைத் தர மாட்டார்கள். பதிவு இல்லையென்றால் பல வங்கிகளில் கணக்குத் திறப்பது இழுத்துக்கொண்டே போகும். கணக்கு இல்லையென்றால் பிளாக்டு அக்கவுண்டிலிருந்து மாதாமாதம் வர வேண்டிய 992 யூரோ எங்கே வந்து விழும்? விசா முடிந்த பிறகும் தங்குவதற்கான வசிப்பு அனுமதிக்குப் போனாலும் அதே பதிவுச் சீட்டைத்தான் கேட்பார்கள்.

அதனால் இப்போதே மூன்று மாதத்துக்காவது ஓர் இடைக்கால அறை பிடியுங்கள். செமஸ்டருக்கு வெளியூர் போகும் மாணவர்கள் தங்கள் அறையை அப்படி விட்டுப் போவது இங்கே சகஜம். வாடகையைக் கேட்பதற்கு முன்னால், அன்மெல்டுங் செய்யலாமா என்று கேளுங்கள். கூடாது என்றால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். வாடகையைக் கால்ட், வார்ம் என்று இரண்டாகச் சொல்வார்கள். கால்ட் என்பது வெறும் அறை வாடகை. வார்ம் என்பது அதோடு வெப்பமூட்டல், தண்ணீர், பராமரிப்பு எல்லாம் சேர்ந்தது. பல வீடுகளில் மின்சாரம் அதற்கும் மேல் தனி. முன்பணம் சட்டப்படி மூன்று மாதக் கால்ட் வாடகையைத் தாண்டக் கூடாது, அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம். 'நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் அனுப்புங்கள், சாவி தபாலில் வரும்' என்று உருக்கமாக எழுதுகிற ஆளிடம் வீடே இருக்காது.

அறைக்குப் போன அன்றே தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். இங்கே அடுக்குமாடி முகவரியில் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. தபால்காரர் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். பெயர் இல்லையென்றால் கடிதம் வந்த வழியே போய்விடும். நான் நோட்டில் கிழித்த துண்டில் பேனாவால் எழுதி, டேப் போட்டு ஒட்டினேன். வங்கி அட்டை ஓர் உறை, அதன் ரகசிய எண் இன்னோர் உறை, வரி எண், காப்பீட்டு அட்டை என்று எல்லாம் அந்தத் துண்டை நம்பித்தான் வந்து சேர்ந்தன.

மாலைவண்டி:

அக்கா சொன்னது சரிதான், ஆனால் வங்கி விஷயத்தில் கொஞ்சம் பயமுறுத்துகிறார். பிளாக்டு அக்கவுண்ட் நிறுவனங்களில் சில, தாங்களே நடப்புக் கணக்கும் சேர்த்துத் தருகின்றன. உங்களுடையது தருமா என்று இன்றே கேட்டுவிடுங்கள். தந்தாலும் முதல் மாதச் செலவு, முன்பணம், செமஸ்டர் கட்டணம் மூன்றுக்கும் தனியாகப் பணம் இருக்கட்டும். முதல் தொகை வருவதற்கு முன்பே இவை வரிசையாக வந்து நிற்கும்.

இன்னொன்று, சனிக்கிழமை இரவில் போய் இறங்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையத்துக்குள் இருப்பவை போன்ற சில மட்டும் திறந்திருக்கும். அக்டோபர் 3 தேசிய விடுமுறை, அன்றும் இதே கதைதான்.

புதுப்பயணி:

நன்றி அக்கா, நன்றி அண்ணா. நேற்று மூன்று அறைகளுக்கு எழுதினேன். ஒருவர் அன்மெல்டுங் முடியாது என்று சொல்லிவிட்டார். ஒருவர் சரி என்கிறார், ஆனால் பிப்ரவரி வரைதான் அறை. பரவாயில்லையா? அப்புறம், பெட்டி?

லைப்சிக் அக்கா:

பிப்ரவரி வரை தாராளம், பிடித்துக்கொள்ளுங்கள். வீடியோ அழைப்பில் அறையை ஒரு தடவை சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். விடுதி வரிசையிலிருந்து மட்டும் பெயரை எடுத்துவிடாதீர்கள்.

பெட்டியில் கனமான ஜாக்கெட் வேண்டாம், இங்கே பழைய துணிக் கடைகளிலேயே நல்லதாகக் கிடைக்கும். அசல் சான்றிதழ்கள், பல்கலைக்கழக அனுமதிக் கடிதம், காப்பீட்டுத் தாள், பவர்பேங்க் எல்லாம் கைப்பையில். ஊர் வங்கியின் ஓடிபி வருகிற சிம்முக்கு ரோமிங் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். பலர் மாட்டிக்கொள்வது இதில்தான். வசிப்பு அனுமதிக்கு நேரம் கிடைக்கத் தாமதமாகலாம். நேரம் வரட்டும் என்று காத்திருக்காமல், விசா முடிவதற்குள் விண்ணப்பத்தை அனுப்பி, அனுப்பியதற்கான அத்தாட்சியை வைத்துக்கொள்ளுங்கள்.