இரட்டையில் பிறந்த கிடாரி: உங்கள் அனுபவம் என்ன?

குறிஞ்சிப்பாடி விவசாயி:
தரகர் மூலம் வாங்கிய எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்புக் கிடாரி. தொழுவத்திலேயே அதுதான் பெரியது, தோள் காளைக்கு இருப்பதுபோல் இருக்கும். ஆனால் பருவத்துக்கே வரவில்லை. தாது உப்பு, முளைகட்டிய பயறு எல்லாம் கொடுத்தாயிற்று. டாக்டர் வந்து உள்ளே கைவிட்டுப் பார்த்தார். கையை எடுக்காமலே, "இதுகூட காளைக்கன்னு ஏதும் பொறந்துதா?" என்று கேட்டார். எங்களுக்கு எப்படித் தெரியும்? தரகர் போனையே எடுக்கவில்லை. கருப்பை வளரவே இல்லையாம். "இவ்ளோ வளந்த உடம்புல என்ன சாமி கொறை?" என்று அம்மா கேட்டது இன்னும் காதில் நிற்கிறது.

பாகூர் பால்மாடு:
வருத்தமாக இருக்கிறது அண்ணே. ஆனால் இதைப் படித்துவிட்டு, இரட்டை என்றாலே மலடு என்று யாரும் விற்றுவிடாதீர்கள். எங்கள் ஜெர்சி கலப்பு ஈன்ற இரண்டுமே கிடாரி. மாமனார் தள்ளிவிடச் சொல்லி வீட்டில் பெரிய சண்டை. இன்று இரண்டும் கறவையில் இருக்கின்றன. காளையோடு சேர்ந்து பிறந்தால்தான் சிக்கல். வயிற்றிலேயே இரண்டின் ரத்தக்குழாய்களும் நஞ்சுக்கொடி வழியே இணைந்துவிடும். காளைக்கன்றின் விரையில் சுரக்கும் ஹார்மோன் கிடாரிக்குள் போய்க் கருப்பையை வளரவிடாது. அப்படிப் பிறந்ததில் 90 சதவீதத்துக்கு மேல் சினை பிடிக்காது.

நெல்லிக்குப்பம் கரும்பு வண்டி:
உடம்பு வளர்ந்தும் ஏன் குறை என்று அம்மா கேட்டதற்குச் சொல்கிறேன். பருவ ஹார்மோன் இல்லையென்றால் வளர்ச்சியே இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தாத்தா வண்டியில் ஒரே தாய்க்குப் பிறந்த இரண்டு மாடுகள். சின்னதிலேயே காயடித்தது நெட்டையாக நிற்கும், தாமதமாகக் காயடித்தது கழுத்தும் திமிலும் பருத்துக் குட்டையாக நிற்கும். நுகத்தடி சாய்ந்தே கிடக்கும். கால் எலும்பு நுனியிலுள்ள குருத்தெலும்பை மூடவைப்பது பருவ ஹார்மோன்தான். அது இல்லாவிட்டால் எலும்பு இன்னும் கொஞ்ச காலம் நீளும், சதைதான் குறையும்.

வில்லியனூர் மாட்டுக்காரி:
எங்கள் சின்ன கிடாரிக்குப் பெரிய எச்.எஃப். காளையின் சினை ஊசியைப் போட்டுவிட்டுப் போனார் ஒருவர். கன்றைக் கயிறு கட்டித்தான் இழுத்தோம். அந்த முனகலை மறக்க முடியவில்லை.

அதனால் சொல்கிறேன். கன்றின் பிறப்பு எடையில் அப்பன் காளையின் மரபுக்கும் பங்கு உண்டு, முதல் ஈற்றுக்குச் சின்ன கன்று போடும் காளையைக் கேட்டு வாங்குங்கள். வயதை மட்டும் பார்த்து ஊசி போடாதீர்கள். முழு வளர்ச்சி எடையில் 55 முதல் 60 சதவீதமாவது வரட்டும். தராசு வேண்டாம், டேப் போதும். நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, அங்குலத்தில் எடுத்த உடல் நீளத்தாலும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ வந்துவிடும். அப்புறம், காளையோடு பிறந்த கிடாரியை ஒரு மாதத்திலேயே டாக்டரிடம் காட்டுங்கள். பிறப்புறுப்பில் மெல்லிய குழாய் விட்டுப் பார்ப்பார். நல்ல கிடாரியில் 12 செ.மீ.க்கு மேல் போகும், மலடாக இருந்தால் பாதியிலேயே நின்றுவிடும். ரத்தப் பரிசோதனையிலும் காளையின் செல்கள் தெரியும். அதற்கு எங்கே போவது என்று புதுச்சேரி குருமாம்பேட் கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேளுங்கள்.