மறு: செமிட்டிய எதிர்ப்பா, யூத எதிர்ப்பா, யூத வெறுப்பா?

யூதர்கள் மீதான வெறுப்பைக் குறிக்கும் ‘antisemitism’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நம் சொற்பட்டியலில் எந்தத் தமிழ்ச் சொல்லை வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> அரபியரும் செமிட்டியர்தானே, அவர்கள் எப்படிச் செமிட்டிய எதிர்ப்பாளர் ஆவார்கள்?

மேலூர் அண்ணன் கேட்ட இந்தக் கேள்வியே ‘செமிட்டிய எதிர்ப்பு’ என்ற சொல்லைக் கைவிடப் போதும். மதுரையில் முஸ்லிம்கள் அதிகம் வாழும் காஜிமார் தெருப் பக்கம் யூத வெறுப்பு பற்றிப் பேசினால் இதே பதிலை நானும் கேட்டிருக்கிறேன். பேச்சு அதோடு முடிந்துவிடும். யூதர்களின் எபிரேயத்தைப் போல அரபியும் செமிட்டிய மொழிதான். ஆனால் 1879இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மார் என்ற இதழாளர் இந்தச் சொல்லைப் பரப்பியபோது குறி யூதர்கள் மட்டுமே. பழைய வெறுப்புக்கு அறிவியல் சாயம் பூச ஒரு சொல் தேவைப்பட்டது. அந்தச் சாயம் தமிழுக்கு எதற்கு?

பேராசிரியர் ஐயா சொன்ன ‘யூத எதிர்ப்பு’ எனக்கு உறுத்துகிறது. எதிர்ப்பு என்றாலே இந்தி எதிர்ப்பு, அணுஉலை எதிர்ப்பு என்று ஒரு கொள்கையும் ஊர்வலமும்தான் நினைவுக்கு வரும். காஸாவுக்காக மதுரையில் கூட்டம் போட்டால் அது இஸ்ரேல் எதிர்ப்பு, சரி. அதே மேடையில் ஒருவர் “உலகத்து வங்கியெல்லாம் யூதன் கையில்” என்றால் அது வேறு சரக்கு. அதற்கும் எதிர்ப்பு என்ற மரியாதையைக் கொடுக்கக் கூடாது.

‘யூதப் பகை’ சுருக்கமாக இருக்கிறது. ஆனால் பகைக்கு இரண்டு தரப்பு வேண்டுமே! மதுரையில் ஒரு யூதரையாவது நேரில் பார்த்தவர் எத்தனை பேர்? கொச்சியின் மட்டாஞ்சேரிக்குச் சுற்றுலா போனவர்கள் யூதர்களின் ஜெபஆலயக் கட்டடத்தைப் பார்த்திருக்கலாம், அவ்வளவுதான். ஆள் இல்லாத ஊருக்கும் வாட்ஸ்அப்பில் வெறுப்பு வந்து சேர்ந்துவிட்டது. ஆகவே என் ஓட்டு ‘யூத வெறுப்பு’க்கு.

வெறுப்பு வெறும் உணர்ச்சிதானே, கட்டுக்கதைகள் இதில் அடங்குமா என்று கேட்டிருந்தார்கள். அதற்குத் தனியாக ‘யூதச் சதிக்கதை’ என்று வைக்கலாம். ‘சீயோன் மூப்பர்களின் நெறிமுறைகள்’ 1903இல் ரஷ்யாவில் வெளியான போலி ஆவணம்; யூதர்கள் உலகை ஆளச் சதி செய்வதாகக் கதை கட்டுவது. வேறொரு பிரெஞ்சு நூலிலிருந்து திருடி எழுதியது என்று 1921இலேயே லண்டன் டைம்ஸ் அம்பலப்படுத்தியது. அப்புறமும் 1988இன் ஹமாஸ் சாசனம், 32ஆம் பிரிவில், அதையே ஆதாரமாகக் காட்டுகிறது. ஐரோப்பாவில் தயாரான பொய், அரபு நாடுகள் வழியாக நம் கைபேசி வரைக்கும் வந்திருக்கிறது.

> காஸாவில் குண்டு விழும்போது இதைப் பேசுவது யாருக்கு லாபம்?

கோபம் நியாயம்தான். முஸ்லிம்களை அடிக்க இதைக் கம்பாக எடுப்பவர்கள் உண்டு. அதனால்தான் ‘இஸ்லாமிய யூத வெறுப்பு’ என்ற அடைமொழி வேண்டாம், ‘முஸ்லிம்களிடையே யூத வெறுப்பு’ என்று எழுதுவோம் என்கிறேன். ஆனால் பேசவே வேண்டாம் என்பதை ஏற்க மாட்டேன். பிரிட்டனில் மெஹ்தி ஹசன் என்ற முஸ்லிம் பத்திரிகையாளர் 2013இல் தன் சமூகத்தைப் பார்த்தே இதை எழுதினார். மெக்காவிலிருந்து இயங்கும் முஸ்லிம் உலக லீக் அமைப்பின் பொதுச் செயலாளர் 2020இல், நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்த ஆஷ்விட்ஸ் முகாமுக்குப் போய்வந்தார். வேதக்காரர்களின், அதாவது யூதர், கிறித்தவரின், உணவு ஆகுமானது (உண்ணத் தக்கது) என்று குர்ஆனிலேயே இருக்கிறது. பயான்களில் (மார்க்கச் சொற்பொழிவுகளில்) அதையும் சொல்லலாமே.

பட்டியலில் இந்தச் சொல்லுக்கான விளக்கக் குறிப்புக்கு எந்த வரையறை? சர்வதேச யூத இனப்படுகொலை நினைவுக் கூட்டமைப்பின் (ஐஹெச்ஆர்ஏ) 2016 வரையறையில் உள்ள 11 எடுத்துக்காட்டுகளில் பாதிக்கு மேல் இஸ்ரேலைப் பற்றியவை. அறிஞர்கள் சேர்ந்து வெளியிட்ட 2021இன் ஜெருசலேம் பிரகடனம், இஸ்ரேலைப் புறக்கணிக்கும் போராட்டத்தை மட்டும் வைத்து யாரையும் யூத வெறுப்பாளர் ஆக்குவதில்லை. நம் குறிப்புக்கு இரண்டாவதே பொருந்தும்.

ஒன்று மட்டும் இடிக்கிறது: பெயரடையாக வரும்போது ‘யூத வெறுப்பு சார்ந்த’ என்று நீள்கிறது. யாராவது சுருக்கித் தந்தால் பட்டியலில் சேர்த்துவிடலாம்.