ஜர்னல்டியில் ‘ஸ்டோரேஜ்’ அமைப்பின் இயல்புநிலை எப்போது முடிவாகிறது?

டெபியன் 10 லினக்ஸ், சிஸ்டம்டி 241 (சேவைகளை நிர்வகிக்கும் மென்பொருள்) இயங்கும் எங்கள் அலுவலகச் சர்வரை ரீபூட் செய்தால், அதன் பதிவுச் சேவையான ஜர்னல்டி சேமித்த பழைய பதிவுகள் அனைத்தும் மறைந்துவிடுகின்றன. பூட்களின் பட்டியலில் நடப்பு பூட் மட்டுமே தெரிகிறது. ஜர்னல்டி.கான்ஃப் கோப்பில் ‘#ஸ்டோரேஜ்=ஆட்டோ’ என்ற வரி, முன்னால் உள்ள # குறியுடன் அப்படியே இருக்கிறது.

/வார்/லாக்/ஜர்னல் கோப்புறை இருந்தால் பதிவுகள் வட்டிலும், இல்லையென்றால் /ரன்/லாக்/ஜர்னலிலும், அதாவது நினைவகத்திலும், சேமிக்கப்படும் என்கிறது கையேடு. அந்தக் கோப்புறை இருக்கிறதா என்று எப்போது பார்க்கப்படும் என்பதை, முக்கியமான அதைத்தான், நான் பார்த்தவரை தெளிவாகச் சொல்லவில்லை. கோப்புறையை உருவாக்கி, அதன் குழுவையும் அனுமதிகளையும் சரிபார்த்த பின்னரும் புதிய பதிவுகள் நினைவகத்துக்கே செல்கின்றன. ஜர்னல்டி.கான்ஃப் கோப்பில் ‘பெர்சிஸ்டென்ட்’ (வட்டிலேயே சேமிக்கும் நிலை) என்று மாற்றலாம்தான். ஆனால் பல சர்வர்களுக்குப் பொதுவான அந்தக் கோப்பைத் தொட எனக்கு அனுமதியில்லை.

‘ஆட்டோ’ நிலையில், நினைவகப் பதிவுகளை வட்டுக்கு மாற்றும் ஃப்ளஷ் கட்டளை மட்டும் போதுமா, அல்லது ஜர்னல்டியை ரீஸ்டார்ட் செய்தே ஆக வேண்டுமா?