வியன்னாவில் ஒரே நாள்: அரண்மனையா, தெருவா?

முத்துவேல்:
அக்டோபரில் நானும் மனைவியும் வியன்னா போகிறோம். முதல் நாள் இரவு போய்ச் சேர்ந்து மறுநாள் இரவே கிளம்புகிறோம். கையில் இருப்பது ஒரே ஒரு பகல். ஷோன்புருன் அரண்மனையைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறேன் நான். ஊருக்குள் நடந்தாலே போதும் என்கிறார் அவர். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

செண்பகம்:
ஷோன்புருனை விட்டுவிடாதீர்கள் சார். 1441 அறைகளில் பார்க்கத் திறந்திருப்பவை சுமார் 40தான், ஆனால் ஆஸ்திரியப் பேரரசின் வாழ்வும் முடிவும் அவற்றுக்குள் இருக்கின்றன. 1762இல் இசைமேதை மொசார்ட் ஆறு வயதில் அரசி மரியா தெரசா முன்னால் வாசித்தது இந்த அரண்மனையில். 1918 நவம்பர் 11 அன்று கடைசிப் பேரரசர் கார்ல் ஆட்சிப் பொறுப்பைத் துறந்து கையெழுத்திட்டதும் இங்கேதான். பேரரசர் ஃபிரான்ஸ் யோசஃபின் படுக்கையறையில் நானும் கணவரும் அசையாமல் நின்றுவிட்டோம். 68 ஆண்டுகள் ஆட்சி செய்தவர் படுத்திருந்தது ஓர் எளிய இரும்புக் கட்டிலில். 1830இல் அவர் பிறந்ததும் 1916இல் இறந்ததும் இதே அரண்மனைதான்.

வடகரையான்:
நான் முத்துவேலின் மனைவி பக்கம். வேறொரு தலைநகரத்தில் பெரிய அரண்மனை ஒன்றுக்குள் நாங்கள் பாதி நாளைச் செலவழித்தோம். இடங்களை விளக்கிச் சொல்லும் ஒலிக்கருவியை ஆளுக்கொன்றாகக் காதில் வைத்துக்கொண்டு, கூட்டம் நகர நகர நகர்ந்தோம். மூன்று மணி நேரத்தில் இருவரும் பத்து வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை. அதனால் வியன்னாவில் நடந்தோம்.

காலையில் ஸ்டெஃபான் தேவாலயத்தின் தெற்குக் கோபுரம், 343 படிகள். 1945 ஏப்ரலில் தீப்பிடித்து எரிந்த கூரையைத் திரும்பக் கட்டி, வண்ண ஓடுகள் வேய்ந்திருக்கிறார்கள். அப்புறம் கிராபென் தெரு வழியாக ஹோஃப்புர்க் அரண்மனை, அதை வெளியிலிருந்தே பார்த்துத் தாண்டினால் ரிங் சாலை. பழைய கோட்டைச் சுவரை இடிக்க ஃபிரான்ஸ் யோசஃப் 1857இல் உத்தரவிட்டார், 1865இல் அந்த இடத்தில் இந்தச் சாலை திறக்கப்பட்டது. கால் வலித்தால் டிராம் இருக்கிறது. நடுவில் ஒரு காபி இல்லத்தில் உட்காருங்கள். மெலாஞ்ச் என்ற பால் காபி ஒன்று வாங்கினால் கூடவே ஒரு டம்ளர் தண்ணீர் வரும், எவ்வளவு நேரம் இருந்தாலும் யாரும் எழுப்ப மாட்டார்கள்.

செண்பகம்:
வடகரையான், நீங்கள் ஷோன்புருனுக்குள் போகவே இல்லை. வேறு ஊர் அரண்மனையில் பட்ட அலுப்பை வைத்து இதை ஒதுக்குவது நியாயமா? ரிங் சாலையில் நாம் பார்ப்பது பெரும்பாலும் முகப்புகள். பாராளுமன்றம் கிரேக்கக் கோயில் சாயலில் இருக்கிறது, நகர மன்றம் கோதிக் சாயலில். இரண்டுமே 19ஆம் நூற்றாண்டில் கட்டியவை. அந்தச் சாலையைப் போடச் சொன்னவர் எப்படி வாழ்ந்தார் என்பது உள்ளே போனால்தான் புரியும். ஒலிக்கருவி வேண்டாம் என்றால் வாங்காதீர்கள், அவ்வளவுதானே.

வடகரையான்:
உள்ளே போகவில்லை என்பது உண்மைதான். ஆனால் தோட்டத்துக்குப் போனோம், அதற்குக் கட்டணம் கிடையாது. மேட்டின் மேல் 1775இல் கட்டிய குளோரியெட் மண்டபம் வரை ஏறினால் அரண்மனையும் ஊரும் ஒருசேரத் தெரியும். உள்ளே பார்க்க ஏதாவது ஒன்று வேண்டும் என்றால் மேல் பெல்வெடேர் ஓவியக் காட்சியகம் போதும், ‘டி’ தட டிராம் வாசலிலேயே நிற்கும். ஓவியர் கிளிம்டின் ‘முத்தம்’ அங்கே இருக்கிறது. 180 சென்டிமீட்டர் சதுர ஓவியம், அச்சுப்படத்தில் அந்தத் தங்கத்தின் மினுக்கம் வராது. அதன் முன்னால் என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். நாற்பது அறையில் எனக்கு அது கிடைத்திருக்காது.

நீலாம்பல்:
ஆளாளுக்கு இடம் சொல்கிறோம். மனைவி ஏன் நடக்க ஆசைப்படுகிறார் என்று முத்துவேல் இன்னும் சொல்லவில்லையே?

முத்துவேல்:
இப்போதுதான் கேட்டேன். எனக்கு இரவு ஷிப்ட், அவருக்குப் பகல் வேலை. சேர்ந்து நடந்து எவ்வளவு நாளாயிற்று தெரியுமா என்றார்.

செண்பகம்:
சரி, அப்படியென்றால் அவர் சொல்வதுபோல் நடங்கள். ஆனாலும் என் கருத்தை மாற்றிக்கொள்ள மாட்டேன். காலையில் முதல் நுழைவு நேரத்துக்கு ஷோன்புருன் டிக்கெட்டை முன்பதிவு செய்யுங்கள். ஊர் நடுவிலுள்ள கார்ல்ஸ்பிளாட்ஸ் நிலையத்திலிருந்து யு4 மெட்ரோ ரயிலில் பத்து நிமிடம். கூட்டம் சேருவதற்குள் அந்தக் கட்டிலைப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடலாம். மீதிப் பகல் முழுக்க அவருடையது.