சிற்பங்களுக்கும் பறவைகளுக்கும் முதல் டிஎஸ்எல்ஆர்: எந்தப் பாடி, எந்த லென்ஸ்?

கேள்வி: கல்நேசன்

அனைவருக்கும் வணக்கம். நான் கும்பகோணத்தில் வசிக்கிறேன். சில ஆண்டுகளாகத் தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் கோயில்களின் சிற்பங்களைக் கைப்பேசியில் படமெடுத்து வருகிறேன். தாராசுரத்து ராஜகம்பீர மண்டபத் தூண்களில் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சிறிய புடைப்புச் சிற்பங்கள் இருப்பதைப் பலரும் அறிந்திருப்பீர்கள். அவற்றின் படங்கள் கைப்பேசித் திரையில் அழகாகத்தான் தெரிகின்றன. ஆனால் அச்சிட்டுப் பார்க்கும்போது உளியின் தடங்கள் மறைந்து, கல்லுக்கு மெழுகு பூசியதைப் போல எல்லாம் வழவழப்பாகிவிடுகின்றன. இதோடு, குளிர்காலத்தில் வேடந்தாங்கலுக்கும் கோடியக்கரைக்கும் சென்று பறவைகளை எடுக்க வேண்டும் என்ற ஆசையும் உண்டு.

லென்ஸையும் சேர்த்து 60,000 ரூபாய் வரை செலவிட முடியும். நிக்கான் டி3500, டி5600, கேனான் 1500டி, 200டி மார்க் 2 ஆகிய நான்கையும் குறித்து வைத்திருக்கிறேன். கடையில் 1500டி கேமராவை இரண்டு லென்ஸ்களோடு சலுகை விலையில் தருவதாகச் சொல்கிறார்கள். டிஎஸ்எல்ஆர் காலமே முடிந்துவிட்டது, மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாமல், காட்சியை மின்திரையில் காட்டும் வகை) வாங்குங்கள் என்கிறார் நண்பர் ஒருவர். எனக்கு வியூஃபைண்டரில் கண்வைத்து, கண்ணாடி வழியாகவே காட்சியைப் பார்ப்பதுதான் பிடித்திருக்கிறது. அடுத்த பல ஆண்டுகளுக்கு இதே கேமராவோடுதான் இருப்பேன் என்பதால், அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: ஒளிப்பெட்டி

நண்பரே, நீங்கள் குறித்துள்ள நான்கிலும் இருப்பது 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (முழுச்சட்டகத்தைவிடச் சிறிய அளவு) சென்சார்தான். 6000-க்கு 4000 புள்ளிகள் கொண்ட அந்தப் படத்தை, அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில் 12-க்கு 18 அங்குலமாக அச்சிட்டாலும் மிச்சம் இருக்கும். ஆகவே படத்தின் தரத்தை வைத்து இவற்றுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முயல வேண்டாம். இரண்டாவது ஆண்டில் எந்த லென்ஸ் வாங்கப் போகிறீர்கள், அது இந்தப் பாடியில் (லென்ஸ் நீங்கலான கேமராவில்) முழுமையாக வேலை செய்யுமா என்று கேட்டுப் பாருங்கள். பாடியைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். லென்ஸ்கள் சேரச் சேர, நிறுவனத்தை மாற்றுவதுதான் கடினமாகும்.

நிக்கானின் டி3500, டி5600 இரண்டிலும் ஆட்டோஃபோகஸ் மோட்டார் பாடிக்குள் இல்லை. லென்ஸுக்குள் மோட்டார் இருக்கும் ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி வகைகள் மட்டுமே அவற்றில் தாமாக ஃபோகஸ் ஆகும். விலை குறைவாக இருக்கிறதே என்று உள்ளே மோட்டார் இல்லாத 50 மி.மீ. எஃப்/1.8டி லென்ஸை வாங்குகிறவர்கள், ஒவ்வொரு படத்துக்கும் வளையத்தைக் கையால் திருப்ப வேண்டியிருக்கும். எதிர்த்திசையிலும் ஒரு சிக்கல் உண்டு: புதிய ஏஎஃப்-பி லென்ஸ்கள் டி90, டி7000 போன்ற பழைய பாடிகளில் ஃபோகஸே ஆகமாட்டா. கேனானில் இந்தக் குழப்பம் கிடையாது, ஏனெனில் 1987-இல் இஎஃப் மவுண்ட் (லென்ஸைப் பாடியில் பொருத்தும் அமைப்பு) அறிமுகமானபோதே மோட்டாரை லென்ஸுக்குள் வைத்துவிட்டார்கள். மேலும் டி3500, டி5600 ஆகியவற்றின் உற்பத்தி நின்றுவிட்டது. இப்போது கிடைப்பவை பழைய இருப்போ, ஒருவர் பயன்படுத்தியவையோதான். கடைக்காரர் புதியது என்று தந்தால், இந்திய உத்தரவாத அட்டை இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

டி3500 பாடி 365 கிராம் எடைதான். ஒருமுறை சார்ஜ் செய்தால் சிபா (கேமரா நிறுவனங்களின் சங்கம்) அளவுப்படி 1,550 படங்கள் வரும். நாள் முழுக்க வெளியில் இருப்பவருக்கு இது பெரிய வசதி. ஆனால் அதன் திரை அசையாதது, லைவ் வியூவில் (வியூஃபைண்டருக்குப் பதில் பின்திரையில் பார்த்து எடுக்கும்போது) ஃபோகஸ் மெதுவானது. 1500டி அதைவிடவும் ஒரு படி கீழே நிற்கிறது: வினாடிக்கு 3 படங்கள், சார்ஜுக்கு 500 படங்கள், அசையாத திரை. 200டி மார்க் 2 உங்கள் இரண்டு ஆசைகளுக்கும் கூடுதலாகப் பொருந்தும். திரை பக்கவாட்டில் திறந்து எல்லாத் திசைகளிலும் திரும்பும். லைவ் வியூவில் சென்சாரே வேகமாக ஃபோகஸ் செய்யும் டூயல் பிக்சல் முறை இருப்பதால், கேமராவைத் தரையோடு தரையாக வைத்துத் தூணின் அடிப்பகுதிச் சிற்பத்தை எடுக்கும்போதும் ஃபோகஸ் உடனே நிற்கும். வினாடிக்கு 5 படங்கள், சார்ஜுக்கு 1,070 படங்கள் என்பவையும் போதுமானவை. அதில் என்னை உறுத்தும் குறை ஒன்றுதான்: ஃபிளாஷ் பொருத்தும் இடத்தில் நடு ஊசியை எடுத்துவிட்டார்கள். அந்த ஊசியை மட்டுமே நம்பி இயங்கும் மலிவான மேனுவல் ஃபிளாஷ்களும் டிரிகர்களும் அதில் எரியமாட்டா. கோயிலுக்குள் ஃபிளாஷ் வேண்டியதில்லை என்பதால் உங்களுக்கு இது பொருட்டாகாமல் போகலாம்.

கடைக்காரர் சொல்லும் இரட்டை லென்ஸ் சலுகையில், இரண்டாவது லென்ஸின் முழுப்பெயரைக் கேட்டு வாங்குங்கள். 55-250 மி.மீ. லென்ஸில் "ஐஎஸ் 2" என்ற பழைய வகையும் "ஐஎஸ் எஸ்டிஎம்" என்ற பிந்தைய வகையும் உள்ளன (ஐஎஸ் என்பது நடுக்கத்தைக் குறைக்கும் வசதி, எஸ்டிஎம் என்பது மோட்டார் வகை). எஸ்டிஎம் வேகமாகவும் ஓசையின்றியும் ஃபோகஸ் ஆகும். நிக்கான் இரட்டைத் தொகுப்பிலும் இதே கவனம் தேவை. அங்கே 70-300 மி.மீ. ஏஎஃப்-பி லென்ஸ், நடுக்கத்தைக் குறைக்கும் விஆர் உள்ளது, இல்லாதது என இரண்டு வகையாக வந்தது. 300 மி.மீ. நீளத்தில் விஆர் இல்லாத லென்ஸைக் கையில் பிடித்து எடுப்பது மிகக் கடினம்.

உங்கள் நண்பர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர்களில் இனிப் புதிய மாடல்களை எதிர்பார்ப்பதற்கில்லை. ஆனாலும் நீங்கள் வாங்கும் லென்ஸ்கள் வீணாகா. கேனானின் இஎஃப், இஎஃப்-எஸ் லென்ஸ்கள் அனைத்தும் அடாப்டர் வழியாக ஆர் வரிசை மிரர்லெஸ் பாடிகளில் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்கின்றன. நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரிலும் ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி லென்ஸ்கள் அவ்வாறே இயங்கும்.

பதில் 2: நீர்ப்பறவை

மேலே எழுதியவரோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். பறவைகளைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

வியூஃபைண்டர் வழியாகப் பார்க்கும்போது 200டி மார்க் 2-இல் 9 ஃபோகஸ் புள்ளிகள்தான் வேலை செய்கின்றன. அவற்றில் நடுப்புள்ளி மட்டுமே கிராஸ் வகை (கிடை, செங்குத்து இரண்டு கோடுகளையும் கண்டறிவது). டி5600-இல் 39 புள்ளிகளும் அவற்றுள் 9 கிராஸ் புள்ளிகளும் உண்டு. வேடந்தாங்கலில் கூட்டுக்குத் திரும்பும் நத்தைகுத்தி நாரை, சங்குவளை நாரை, கரண்டிவாயன் ஆகியவை உருவில் பெரியவை, சீராகப் பறப்பவை. நடுப்புள்ளியை அவற்றின் மீது வைத்துத் தொடர்ந்தால் போதும். 9 புள்ளிக் கேமராவே நன்றாக ஈடுகொடுக்கும். தகைவிலானையும் பஞ்சுருட்டானையும் பறக்கும்போதே பிடிக்க வேண்டுமென்றால் அது போதாது.

அப்படி ஒரு எண்ணம் உங்களுக்கு உறுதியாக இருந்தால், புதிய தொடக்கநிலைக் கேமராவுக்குப் பதிலாக, ஒருவர் பயன்படுத்திய நிக்கான் டி7200 பாடியைத் தேடுங்கள் என்பேன். 2015-இல் வந்த அதே 24 மெகாபிக்சல் கேமராதான். ஆனால் 51 ஃபோகஸ் புள்ளிகளில் 15 கிராஸ் வகை. பாடிக்குள்ளேயே மோட்டார் இருப்பதால் பழைய டி வகை லென்ஸ்களும் தாமாக ஃபோகஸ் ஆகும். தொடக்கநிலைக் கேமராக்களின் வியூஃபைண்டரில் கண்ணாடிச் சில்லுகளால் ஆன பென்டாமிரர் இருக்கும். காட்சியில் 95 விழுக்காடுதான் தெரியும். டி7200-இல் பென்டாப்ரிசம் இருப்பதால் காட்சி முழுவதும், கூடுதல் வெளிச்சத்தோடு தெரிகிறது. கண்ணாடி வழியாகப் பார்ப்பதுதான் பிடிக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த விருப்பம் உள்ளவருக்கு இந்த வேறுபாடு சிறியதன்று. ஷட்டர் வேகத்துக்கு ஒன்றும் அப்பர்ச்சருக்கு (லென்ஸின் ஒளித்துளைக்கு) ஒன்றுமாக இரண்டு சுழல்விசைகள் இருப்பதும், கண்ணை எடுக்காமல் அளவுகளை மாற்றிக்கொள்ள உதவும்.

லென்ஸைப் பொறுத்தவரை, கேனானில் 55-250 எஸ்டிஎம், நிக்கானில் 70-300 ஏஎஃப்-பி விஆர் என்பவை தொடக்கத்துக்குப் போதும். முழுச்சட்டக (35 மி.மீ. ஃபிலிம் அளவுச் சென்சார்) கணக்கில் முன்னது 400 மி.மீ., பின்னது 450 மி.மீ. அளவுக்கு நெருங்கிக் காட்டும். கோடியக்கரையில் சேற்றுநிலத்தின் தொலைவில் நிற்கும் சிறு உள்ளான்களுக்கு இரண்டுமே எட்டா. அதற்காக இப்போதே பெரிய லென்ஸுக்குச் செலவிட வேண்டாம். பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/1000 வினாடிக்குக் குறையாமல் இருக்கட்டும், அதற்காக ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 1600 வரை உயர்ந்தாலும் தயங்க வேண்டாம்.

பதில் 3: மண்டபத்து நிழல்

ஐயா, தங்கள் கேள்வியின் முதற்பகுதியை யாரும் இன்னும் தொடவில்லை. சிற்பம் மெழுகுபோல ஆவதற்குக் கைப்பேசியின் சிறிய சென்சார் மட்டும் காரணமன்று. மங்கலான ஒளியில் எழும் இரைச்சலை (படத்தில் தோன்றும் புள்ளிகளை) மென்பொருள் துடைக்கும்போது, கல்லின் பொரபொரப்பையும் இரைச்சல் என்றே எண்ணித் துடைத்துவிடுகிறது. புதிய கேமராவிலும் ஜேபெக் கோப்பாக மட்டும் எடுத்து, இரைச்சல் குறைப்பை உச்சத்தில் வைத்தால் ஓரளவு இதுவேதான் நடக்கும். ஆகவே எதை வாங்கினாலும் முதல்நாள் முதலே ரா (கேமரா மெருகேற்றாத மூலக்) கோப்பாக எடுத்து, கணினியில் இரைச்சல் குறைப்பை மிகக் குறைவாக வையுங்கள்.

மங்கலான மண்டபத்துக்கு எஃப்/1.8 (இந்த எண் குறையக் குறைய ஒளித்துளை பெரிதாகும்) பிரைம், அதாவது ஜூம் இல்லாத லென்ஸ் வாங்கச் சொல்லிப் பலர் அறிவுரை தருவார்கள். 55 மி.மீ. முனையில் எஃப்/5.6 ஆகிவிடும், கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸைவிட அது ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும் என்பது உண்மைதான். ஆனால் சிறு சிற்பத்தை அருகில் நின்று எஃப்/1.8-இல் எடுத்தால், நர்த்தகியின் முகம் தெளிவாக இருக்கும்போது பின்னால் வளைந்த கை மங்கிவிடும். எப்படியும் எஃப்/8 அளவுக்கு மூடித்தான் எடுக்க வேண்டியிருக்கும். சிற்பம் அசையாது, நடுக்கத்தைக் குறைக்கும் கிட் லென்ஸோடு, தூணில் சாய்ந்து மூச்சை அடக்கி 1/15 வினாடியில் எடுத்தால் கூர்மையான படம் கிடைக்கும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோயில்களில் முக்காலிக்குத் தனி அனுமதி பெற வேண்டும் என்பதால் இந்தப் பயிற்சி மிகவும் பயன்படும்.

எவ்வளவு அருகில் ஃபோகஸ் ஆகும் என்பதும் முக்கியம். நிக்கானின் 18-55 ஏஎஃப்-பி கிட் லென்ஸின் உருப்பெருக்கம் 0.38 மடங்கு, அதாவது ஆறு சென்டிமீட்டர் அகலப் பரப்பே படத்தை நிரப்பிவிடும். கேனானின் 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்டிஎம் லென்ஸில் அது 0.21 மடங்கு, பத்து சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட பரப்புதான் படத்தில் வரும். ராஜகம்பீர மண்டபத்துச் சிற்பங்களுக்குப் பிரைமைவிடக் கிட் லென்ஸே மேல் என்று நான் சொல்வது இதனால்தான். பிற்பாடு பணம் சேர்ந்தால், கேனானில் 35 மி.மீ. எஃப்/2.8 மேக்ரோ, நிக்கானில் 40 மி.மீ. எஃப்/2.8 மைக்ரோ இரண்டும் இயல்பளவுக்கே நெருங்கக்கூடியவை. கேனானில் ஐஎஸ் உண்டு, நிக்கானில் விஆர் இல்லை.

இன்னொன்று: புடைப்புச் சிற்பத்துக்கு நேரெதிரே வெளிச்சம் விழுந்தால் எந்தக் கேமராவிலும் அது தட்டையாகத்தான் தெரியும். மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பம் கிழக்கு நோக்கியது. விடியலில் நேரொளி விழும்போது எடுப்பதைவிட, முற்பகல் முடியும் வேளையில் வெயில் மேலிருந்து பாறையை உரசியபடி இறங்கும்போது எடுத்தால் ஒவ்வொரு உருவமும் தனித்து எழும். தாராசுரத்தில் தூணின் எந்த முகத்துக்கு எந்த வேளையில் பக்கவாட்டு ஒளி வருகிறது என்பதை உள்ளூர்க்காரரான உங்களால் ஆண்டு முழுவதும் பார்த்துக் குறித்துக்கொள்ள முடியும். வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

கல்நேசன்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எனக்குச் சிற்பங்கள்தான் முதன்மை. பறவைகளில் பெரிய நாரைகளே போதும். ஆகவே 200டி மார்க் 2 கேமராவைக் கிட் லென்ஸோடு புதிதாகவும், 55-250 எஸ்டிஎம் லென்ஸை ஒருவர் பயன்படுத்தியதாகவும் வாங்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். பயன்படுத்திய லென்ஸை எப்படிச் சோதிப்பது? காவிரிக் கரை ஈரத்தில் அதை எப்படிப் பாதுகாப்பது?

பதில் 4: ஒளிப்பெட்டி

நல்ல முடிவு. லென்ஸின் ஒரு முனையில் டார்ச் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சி, மறுமுனையிலிருந்து பாருங்கள். ஓரிரு தூசிகள் பொருட்டல்ல. சிலந்திவலை போன்ற இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். பிறகு உங்கள் பாடியில் மாட்டி, 250 மி.மீ. முனையில் தொலைவில் உள்ள பெயர்ப்பலகையை ஐஎஸ் போட்டும் அணைத்தும் 1/60 வினாடியில் சில படங்கள் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ஐஎஸ் போட்ட படங்கள் தெளிவாகக் கூர்மையாக இல்லையென்றால் அந்தப் பகுதி பழுதாகியிருக்கலாம்.

பாதுகாப்புக்கு, இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டி, நிறம் மாறும் சிலிக்கா ஜெல், சிறிய ஈரப்பதமானி மூன்றும் போதும். உள்ளே ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும். தோல் உறைக்குள் போட்டு அலமாரியில் மூடி வைப்பதுதான் மிகவும் கெடுதல். மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல்லை அடிக்கடி வெயிலிலோ வாணலியிலோ உலர்த்த வேண்டியிருக்கும்.

55-250 லென்ஸின் முன்வளையத்தைச் சுற்றி அதன் பெயர் முழுமையாக எழுதப்பட்டிருக்கும். அதில் "எஸ்டிஎம்" என்று இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.